என் டிக்கெட்ல ரெண்டு நாய்

நாள் 1, புதன், சுவோன்

ஆபிஸ் வேலையா கொரியா வந்து மூணு வாரம் ஆச்சு, சனிக்கிழமை சாயந்திரம் சியாட்டிலுக்கு ஃப்ளைட், பொட்டி பாதி கட்டியாச்சு. போறப்போ என்ன எடுத்துட்டுப் போறேன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு நாய். நான் வாங்கல, நான் வளக்கவும் போறதில்ல. இங்க ஏர்போர்ட்ல வாங்கி அங்க ஏர்போர்ட்ல குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன், அவ்ளோதான் என் வேலை.

இதுக்கு இங்க தனியா ஒரு பேரே இருக்கு, இதோங் போங்சா. இதோங்னா இடம் மாத்துறது, போங்சான்னா சேவை. கூட வேலை பாக்குற பொண்ணு லஞ்ச்ல உக்காந்து உனக்கு என்னைக்கு ஃப்ளைட், நேரா சியாட்டிலா, நடுவுல எங்கயும் மாற வேணாமேன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சா, நான் என்னமோ என் மேல அக்கறைன்னு நெனச்சு ரொம்ப விவரமா பதில் சொல்லிட்டு இருந்தேன். அவ கணக்கு வேற. போன வருஷம் அவ ஒரு நாயைக் கொண்டு போய் விட்டிருக்கா, அதுல இருந்து அமெரிக்கா, கனடா போற ஆள் யார் கண்ணுல பட்டாலும் விடமாட்டா போல.

விஷயம் இதுதான். மீட்டு வெச்சிருக்கிற ஒரு நாயைத் தனியா கார்கோல அனுப்பினா செலவு பல மடங்கு, அந்தப் பக்கம் கஸ்டம்ஸ்ல எடுக்குறதுக்கு ஏஜென்ட் வேற புடிக்கணும். அதே நாய் ஒரு பயணியோட டிக்கெட்ல போச்சுன்னா எக்ஸ்ட்ரா லக்கேஜ் கணக்கு. அதனால இந்த நாய்ங்கள மீட்டுத் தத்து குடுக்குற அமைப்புக்காரங்களுக்கு வேண்டியது நாய் புடிச்ச ஆள் கூட இல்ல, டிக்கெட் வெச்சிருக்கிற ஆள். நாயோட கட்டணம், பேப்பர், க்ரேட் எல்லாம் அவங்க செலவு. என்கிட்ட பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் புக்கிங் நம்பரும் மட்டும் கேட்டாங்க. முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்கன்னா ஈஸி, ஆனா எனக்கு முன்னால ஒத்துக்கிட்டவரு போன வாரம் டிக்கெட்ட மாத்திட்டாராம், அந்த ரெண்டு நாய்க்கும் எல்லா பேப்பரும் ரெடியா இருக்கு, ஆள்தான் இல்ல. சரின்னுட்டேன்.

ராத்திரி அக்காகிட்ட போன்ல சொன்னேன்.

"ஏண்டி, யாரோ குடுக்குற பொட்டிய வாங்கிட்டு ப்ளேன் ஏறக் கூடாதுன்னு சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும்."

"பொட்டி இல்லக்கா, நாய்."

"நாயும் பொட்டிக்குள்ளதான இருக்கு?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அக்கா பேசுறதுல பாதி பயம், ஆனா மீதிப் பாதி சரியாத்தான் இருக்கும் எப்பவும். போனை வெச்சுட்டு அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், நாயையும் பேப்பரையும் முன்னாடியே நேர்ல பாக்கணும்னு. பாக்கணும்னு நீயா கேட்டதுதான் நல்லதுன்னு பதில் வந்துச்சு.

நாள் 2, வியாழன், சியோல்

ஆபிஸ் முடிஞ்சு ரயில் புடிச்சுப் போனேன். நாலாவது மாடி, சின்ன அபார்ட்மென்ட். நாயைத் தற்காலிகமா வெச்சிருக்கிற அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும். ஹால்ல சோபா இருக்க வேண்டிய எடத்துல ஒரு பெரிய பிளாஸ்டிக் க்ரேட், அதுக்குள்ள இருந்து ரெண்டு கண்ணு.

போரின்னு பேரு. போரின்னா பார்லி. இங்க நாய்க்கு சாப்பாட்டுப் பேரா வெக்கிறாங்க, கம்ஜான்னா உருளைக்கிழங்கு, கோங்னா பயறு, இன்னொரு பயணி டூபு, அதாவது டோஃபு. போரி செம்மண் கலர், ரெண்டு வயசு, 17 கிலோ, காது ரெண்டும் நிமிந்து வால் முதுகு மேல சுருண்டு இருக்கு. ஜிண்டோங்கிற கொரிய ஜாதி நாயோட கலப்பு. அசல் ஜிண்டோ நாயை 1962லயே நாட்டோட இயற்கைச் சின்னம்னு அறிவிச்சு 53ஆம் நம்பர் குடுத்து பாதுகாக்குறாங்க, அதுல கொஞ்சம் ரத்தம் கலந்துட்டாப் போச்சு, யாருக்கும் வேணாம். கிராமத்துக் கலப்புங்கிறத இவங்க வேணும்னே பிரெஞ்சு மாதிரி இழுத்து சிகோர் ஜாப்ஜோங்னு கிண்டலா சொல்லுவாங்களாம், ஏதோ வெளிநாட்டு ஜாதி நாய் பேரு மாதிரி. அந்தம்மா அத சொல்லிட்டு சிரிச்சாங்க, நானும் புரிஞ்சதும் சிரிச்சேன்.

போரி ஒரு தோட்டத்து ஓரமா ஒரு மீட்டர் சங்கிலில கட்டிக் கெடந்தவன், அப்புறம் சங்கிலியோட தெருவுல திரிஞ்சவன், அங்கிருந்து அரசாங்க காப்பகம். காப்பகத்துக்கு வந்த நாய் பத்தி அறிவிப்பு போடுவாங்க, பத்து நாளைக்குள்ள சொந்தக்காரர் வரலேன்னா நாய் உள்ளூர் நிர்வாகத்துக்குச் சொந்தம், அதுக்கப்புறமும் யாரும் எடுக்கலேன்னா எடம் இல்லேன்னு ஊசி போட்டுடலாம். இந்தம்மா எட்டு மாசம் முன்னாடி எடுத்துட்டு வந்திருக்காங்க. எட்டு மாசமா இங்கயே வீடு தேடிப் பாத்தாச்சாம். இங்க முக்கால்வாசி பேரு அபார்ட்மென்ட், எல்லாருக்கும் கையில தூக்குற சைஸ்ல வெள்ளையா ஒண்ணு வேணும், 17 கிலோ கலப்பு நாயைப் பாத்து ஒருத்தர் கூட போன் பண்ணலயாம்.

பேப்பர் பாக்கணும்னு கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அவங்களே ஃபைலை எடுத்து மடியில வெச்சாங்க. சிப் ரீடரை கழுத்துக்கிட்ட வெச்சா 15 எண் நம்பர் வருது, அதே நம்பர் ரேபிஸ் ஊசி சர்டிபிகேட்ல இருக்கா, டாக்டர் குடுத்த ஹெல்த் சர்டிபிகேட்ல இருக்கா, அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சிடிசியோட ஃபார்ம் ரசீதுல இருக்கான்னு விரல் வெச்சு நாலையும் ஒத்துப் பாத்தோம். ஒரு எண் தப்பா டைப் ஆயிருந்தா கவுண்டர்லயே நிறுத்திடுவாங்களாம், நாய் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல.

க்ரேட் ஹால்ல நடுவுல கெடக்குறதுக்குக் காரணம் இருக்கு. நாய் உள்ள நிக்கணும், தலை இடிக்கக் கூடாது, முழுசா திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், இதெல்லாம் ஐயாட்டாங்கிற உலக விமான நிறுவனங்களோட சங்கம் போட்ட விதி. மேல் பாதியையும் கீழ் பாதியையும் கிளிப் போட்டு மாட்டினா ஆகாது, இரும்பு போல்ட் போட்டு முடுக்கணும். ஆனா விதியை விட முக்கியம் அவன் அதை வீடுன்னு நெனக்கணும். ஒன்றரை மாசமா சோறு உள்ளதான், தூக்கம் உள்ளதான், கதவை முதல்ல ஒரு நிமிஷம் சாத்தி, அப்புறம் அஞ்சு, அப்புறம் ஒரு மணி நேரம், இப்ப ராத்திரி முழுக்க. மயக்க மருந்து குடுக்கவே மாட்டாங்களாம், உயரத்துல மூச்சும் ரத்த அழுத்தமும் எப்படிப் போகும்னு சொல்ல முடியாது, கீழ லக்கேஜ் வெக்கிற ஹோல்ட்ல யாரும் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறதும் இல்ல. அதனால மருந்துக்குப் பதிலா இந்த ஒன்றரை மாசம்.

அப்புறம் எனக்கு மூணு வார்த்தை கத்துக் குடுத்தாங்க, ஏன்னா போரிக்கு கொரிய பாஷை மட்டும்தான் தெரியும். அஞ்சான்னா உக்காரு. கிதாரியோன்னா பொறு, காத்திரு. கஜான்னா போலாம் வா. கஜாவ யானைன்னு மனசுல போட்டுக்கிட்டேன், கிதாரியோவ கிதார்னு. அஞ்சாவுக்கு எதுவும் வேணாம், அது நம்ம வார்த்தை. சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்க க்ரேட் பக்கத்துல குனிஞ்சு "அஞ்சாதே"ன்னேன். டக்குனு உக்காந்துட்டான். பயப்படாதன்னு சொன்னா உக்காருறான், எனக்கு சிரிப்பு தாங்கல, அந்தம்மாவுக்கு ஏன்னு விளக்க மொபைல்ல ட்ரான்ஸ்லேட் போட்டு ஒரு பத்து நிமிஷம் ஆச்சு.

கெளம்பும்போது ஒரு பழைய போர்வையை மடிச்சுக் குடுத்தாங்க, அவங்க போத்திக்கிறது. க்ரேட்ல ஏற்கனவே நீர் உறிஞ்சுற விரிப்பு போட்டிருக்கு, இதையும் திணிச்சா நனைஞ்சு சூடாகும், அங்க போனதும் குடுத்துடுங்கன்னாங்க. அவன்கிட்ட குனிஞ்சு என்னமோ சொன்னாங்க, அதுல எனக்குப் புரிஞ்சது ஒரே வார்த்தை, ஓம்மா, அதாவது அம்மா. தன்னைத்தான் சொல்லிக்கிறாங்க. போர்வை என் பொட்டில ஏறிடுச்சு.

நாள் 3, வெள்ளி

இன்னைக்கு ஒண்ணும் நடக்கல, ஏர்லைனுக்கு ரெண்டு தடவ போன் பண்ணினதத் தவிர. கேபின்ல ஒரு நாய், கீழ ஒரு நாய், ரெண்டும் என் புக்கிங்ல ஏறிடுச்சுன்னு உறுதி பண்ணிக்கிட்டேன். கேபினுக்கு பையோட சேத்து 7 கிலோ வரைக்கும்தான், டூபு நாலு கிலோ சொச்சம், பை ஒரு கிலோ சொச்சம், பொழச்சா.

ராத்திரி தூக்கம் வராம இந்த விதி எல்லாம் எதுக்கு இவ்ளோன்னு படிச்சுட்டு இருந்தேன். அமெரிக்கால நாய் மூலமா பரவுற ரேபிஸ் வகை ஒழிஞ்சுடுச்சுன்னு 2007ல அறிவிச்சாங்க. 2021 ஜூன்ல அஸர்பைஜான்ல இருந்து 33 நாயும் ஒரு பூனையும் மீட்பு அமைப்பு மூலமா சிகாகோல வந்து எறங்குச்சு, அதுல ஒரு நாய்க்கு ரேபிஸ். பேப்பர்ல ஊசி போட்டதா இருந்துச்சு. ஒரே ஒரு நாய், அதுக்குள்ள அந்தக் கூட்டமே பல மாநிலத்துக்குப் பிரிஞ்சு போயாச்சு, எத்தன பேரைத் தேடிப் புடிச்சு ஊசி போட வேண்டி வந்திருக்கும் யோசிங்க. அடுத்த மாசமே ரேபிஸ் அபாயம் அதிகம்னு நூத்துக்கும் மேல நாடுகள்ல இருந்து நாய் வர்றத நிறுத்தி வெச்சாங்க, அப்புறம் 2024 ஆகஸ்ட்ல இருந்து இப்ப இருக்கிற விதி, எந்த நாட்டுல இருந்து வந்தாலும் ஆறு மாசம் நிரம்பியிருக்கணும், சிப் இருக்கணும், ஃபார்ம் ரசீது இருக்கணும். இந்தியா, எகிப்து மாதிரி நாடுகள்ல ஊசி போட்ட நாய்னா அதுக்கு மேல ரத்தப் பரிசோதனை, பதிவு பண்ணின பராமரிப்பு மையத்துல முன்பதிவுன்னு போகுது. கனடா இன்னும் கறார், 2022 செப்டம்பர் 28ல இருந்து அந்த மாதிரி நாடுகள்ல இருந்து தத்துக்கு வர்ற நாயே கூடாதுன்னுட்டாங்க. கொரியா அந்தப் பட்டியல்ல இல்ல, அதனாலதான் போரியும் டூபுவும் ஃபார்ம் ரசீதோட வர முடியுது. தத்துக்குப் போற நாய்ங்கிறதால அமெரிக்க விவசாயத் துறையோட இறக்குமதி பர்மிட் தனியா, அதையும் அமைப்பே எடுத்து வெச்சிருக்கு. என் பெட் நாய்னு பொய் சொல்லிக் கொண்டு போயிடலாமேன்னு ஒரு யோசனை யாருக்காவது வரும். அந்த சிகாகோ நாயைப் படிச்சதுக்கு அப்புறம் வராது.

இன்னொரு கேள்வியும் மனசுல ஓடிட்டே இருக்கு. அமெரிக்காலயும் காப்பகம் நெறஞ்சு வழியுது, அப்புறம் கடல் தாண்டி இன்னொரு நாய் எதுக்கு? அமைப்புக்காரங்ககிட்ட கேட்டேன், கோவிச்சுக்கல. இங்க நாய்க்கறிக்காக வளக்குறதையும் கொல்றதையும் விக்கிறதையும் நிறுத்த 2024 ஜனவரில நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு, 208 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணு கூட இல்ல, 2027 பிப்ரவரில இருந்து தண்டனையோட அமலுக்கு வருது. பண்ணைங்க மூடுறப்போ வெளிய வர்ற நாயெல்லாம் பெரிய நாய்ங்க, அதுங்களுக்கு இங்க வீடு கிடையாது. கருத்தடை, சட்டம் அதெல்லாமும்தான் பண்றோம், ஆனா அது முடியுற வரைக்கும் போரி காத்திருக்க முடியாதேன்னாங்க. எனக்கு இது முழுசா ஒத்துக்கிற பதிலும் இல்ல, தள்ளிவிடுற பதிலும் இல்ல. தூங்கிட்டேன்.

நாள் 4, சனி, இன்சியோன்

ஆறு மணி ஃப்ளைட்டுக்கு ஒன்றரைக்கே வரச் சொல்லிட்டாங்க. வேன்ல இருந்து க்ரேட் எறங்குச்சு, பச்சை எழுத்துல உயிருள்ள விலங்குன்னு ஸ்டிக்கர், மேல் பக்கம்னு அம்பு, என் பேரு, என் போன் நம்பர், அங்க வாங்கிக்கிறவங்க நம்பர், ஒரு வேளை சாப்பாடு ஜிப் பையில போட்டு மேல ஒட்டியிருக்கு. தண்ணிக் கிண்ணத்துல ஐஸ். தண்ணியா ஊத்தினா தூக்கி வெக்கிறப்பவே கொட்டிடும், ஐஸ்னா மெதுவா கரையும். இந்த யோசனை யாருக்கு முதல்ல வந்துச்சோ அவங்களுக்கு ஒரு கும்புடு.

அந்த ஃபைலோட முதல்ல குவாரன்டைன் ஆபிஸ், அங்க சிப்பைப் பாத்து சர்டிபிகேட்ல சீல் போட்டாங்க. அப்புறம் செக்-இன். எடை போட்டு, கட்டணம் அமைப்போட கார்டுல போச்சு. அமெரிக்கா போற ஃப்ளைட்ங்கிறதால கேள்வி கேக்க ஒருத்தர் தனியா நின்னாரு. யாராவது எதையாவது கொண்டு போகச் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டாரு. எல்லாரும் யோசிக்காம இல்லேன்னு சொல்ற கேள்வி. எனக்கு அக்கா ஞாபகம் வந்துடுச்சு. "ஆமா, ரெண்டு நாய்"ன்னேன். ஓரமா நிக்க வெச்சு ஃபைலைப் பக்கம் பக்கமா பாத்துட்டு, பத்து நிமிஷம் கழிச்சு விட்டாங்க.

பெரிய லக்கேஜ் கவுண்டர்ல க்ரேட்டைத் தனியா ஸ்கேன் பண்ணணும், நாயை வெளிய எடுங்கன்னாங்க. மாட்டியிருந்த ஜிப் டையெல்லாம் வெட்டி, போரிக்கு ரெண்டு கயிறு, ஒண்ணு கழுத்துப் பட்டைல ஒண்ணு உடம்புப் பட்டைல, ரெண்டையும் ரெண்டு பேர் புடிச்சாங்க. ஏர்போர்ட்ல நாய் ஓடிப் போறதுதான் இவங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய பயம், ஒரு தடவ கையை விட்டுப் போச்சுன்னா பயந்த நாய் கூப்பிட்டா வராது. போரி ஓடல. தரையோட தரையா ஒட்டிப் படுத்துட்டான், நனைஞ்ச மூட்டை மாதிரி. ஸ்கேன் முடிஞ்சு க்ரேட் வந்ததும் அந்தம்மா அவனைத் தூக்கி உள்ள விட்டாங்க. புது ஜிப் டை, கதவுல நாலு மூலை, நடுவுல ரெண்டு, அவங்களே ஒண்ணொண்ணா இழுத்து முடுக்கினாங்க.

நான் அழுகை, முத்தம்னு என்னென்னமோ எதிர்பாத்து வேற பக்கம் திரும்பிக்கலாமான்னு நின்னேன். அவங்க குனிஞ்சு, தினமும் கடைக்குப் போறப்போ சொல்ற அதே குரல்ல, "போரி, கிதாரியோ"ன்னுட்டு எழுந்து நடந்துட்டாங்க. திரும்பிப் பாக்கல. என்கிட்ட கூட எதுவும் சொல்லல.

டூபு என்கிட்ட பையில. வெள்ளை, எட்டு வயசு, பல்லு பாதி இல்ல, குட்டி போடுறதுக்குன்னே கூண்டுல வெச்சிருந்த எடத்துல இருந்து வந்தவ. செக்யூரிட்டில பை மட்டும் பெல்ட்ல போகும், நாயை நாம தூக்கிட்டு நடக்கணும். அவ்ளோ கூட்டம், சத்தம், அவ நெஞ்சு மட்டும் என் கையில படபடபடன்னு அடிக்குது, வாயில இருந்து ஒண்ணும் வரல. ப்ளேன்ல ஏறி பையை முன் சீட்டுக்கு அடியில வெச்சு, என் காலை ரெண்டு பக்கமும் அணை குடுத்தாப்ல வெச்சுக்கிட்டேன்.

கதவு மூடுறதுக்கு முன்னாடி ஏர் ஹோஸ்டஸ்கிட்ட கீழ என் நாய் ஏறிடுச்சான்னு கேட்டேன். ஏறிடுச்சுன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர்கிட்ட கேட்டேன். அவங்களும் சிரிச்சுட்டே, உயிருள்ள விலங்கு ஏறினா கேப்டனுக்கு எழுத்துலயே தகவல் போயிடும், எந்த ஹோல்ட்ல இருக்குன்னு அவருக்குத் தெரியும், அங்க காத்தழுத்தமும் இங்க இருக்கிற மாதிரிதான், சூடும் வெச்சிருப்பாங்கன்னு பொறுமையா சொன்னாங்க. படிச்சிருக்கேன், தெரியும். இருந்தாலும் பத்து மணி நேரம் என் காலுக்குக் கீழ எங்கயோ இருட்டுல அவன் இருக்கான்னு நெனப்பு போகவே இல்ல, ப்ளேன் ஒவ்வொரு தடவ குலுங்கினப்பவும் நான் கீழதான் பாத்தேன்.

பக்கத்து சீட்ல ஒரு வயசான கொரிய அம்மா. நாலு மணி நேரம் கழிச்சுத்தான் பையில நாய் இருக்குன்னே அவங்களுக்குத் தெரிஞ்சுச்சு. வலையில விரலை வெச்சு டூபு மோந்து பாக்க விட்டுட்டு, எவ்ளோ சமத்து, ஒரு சத்தம் இல்ல பாருன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாங்க, அந்தப் பக்கத்துக்காரர்கிட்டயும் திரும்பிச் சொன்னாங்க, அவரும் எட்டிப் பாத்து ஆமா ஆமான்னாரு. நானும் சிரிச்சு வெச்சேன். டூபுவுக்குக் குரல் இல்ல. நெறய நாய் ஒரே எடத்துல குலைச்சா தொந்தரவுன்னு அங்கயே தொண்டைல அறுத்து விட்டுட்டாங்க. குலைக்க வாயைத் திறந்தா இருமுற மாதிரி ஒரு காத்து வரும், அவ்ளோதான். இத அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது, அவங்க பாராட்டுறாங்க. சொல்லல. ரெண்டு தடவ டாய்லெட்டுக்குப் பையோட போய் கீழ விரிப்பை மாத்தினேன், அந்த ஒரு ஆள் நிக்கிற எடத்துல பை, நாய், ஈர விரிப்பு, நான். ஒரு தடவ அவ என் முழங்கை மேல தலையை வெச்சு அப்படியே நின்னா, வெளிய கதவைத் தட்டுறாங்க, எனக்கு எடுக்க மனசில்ல.

நாள் 4, சனிக்கிழமை மறுபடியும், சியாட்டில்

சனி சாயந்திரம் ஆறு மணிக்குக் கெளம்பி அதே சனி மத்தியானம் பன்னெண்டுக்கு எறங்கியாச்சு. தேதிக் கோட்டைத் தாண்டுறதுல கெடைக்கிற இந்த இலவச அரை நாள்ல எனக்கு எப்பவுமே தூக்கம்தான் வரும்.

இந்த ஏர்போர்ட்ல 2022ல தெறந்த புது பன்னாட்டு வருகைக் கட்டடத்துக்குப் போக ப்ளேன் போற பாதைக்கு மேலயே ஒரு பாலம், 780 அடி நீளம், நடக்குறப்போ கீழ ப்ளேன் போறது தெரியும். எல்லாரும் மலை தெரியுதான்னு பாத்தாங்க, நான் எங்க ப்ளேன்கிட்ட லக்கேஜ் எறங்குதான்னு பாத்தேன். இங்க இன்னொரு வசதி, முதல்ல லக்கேஜை எடுத்துட்டு அப்புறம்தான் பாஸ்போர்ட் க்யூ. அதனால பெரிய லக்கேஜ் வர்ற எடத்துல போய் நின்னுட்டேன், இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், கோல்ஃப் பை வந்துச்சு, கொழந்தை வண்டி வந்துச்சு. அப்புறம் ரெண்டு பேர் க்ரேட்டைத் தூக்கிட்டு வந்து வெச்சாங்க.

ஜிப் டை ஆறும் அப்படியே இருக்கு. உள்ள போரி சுவரைப் பாத்து படுத்திருக்கான், விரிப்பு நனைஞ்சிருக்கு, ஐஸ் முழுசா காலி. "போரி"ன்னேன். காது மட்டும் திரும்புச்சு. "அஞ்சா"ன்னேன், தல இடிக்காம எழுந்து உக்காந்தான். நாத்தம் கொஞ்ச நஞ்சமில்ல, க்யூல என்னைச் சுத்தி நல்ல எடம் கெடச்சுச்சு.

அதிகாரி கேட்ட கேள்வி நாலே நாலு. உங்க நாயா? இல்ல, தத்துக்கு, நான் கூட்டிட்டு மட்டும் வர்றேன். பர்மிட்? குடுத்தேன். ரசீது? குடுத்தேன். குனிஞ்சு ரெண்டையும் பாத்தாரு, நோய் மாதிரி தெரியுதான்னு. அப்புறம், "இதுக்கு உங்களுக்கு எவ்ளோ தர்றாங்க?"ன்னாரு. ஒண்ணும் இல்லேன்னதும் தலைய ஆட்டிட்டு சீல் போட்டாரு, அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்னு இப்ப வரைக்கும் தெரியல.

வெளிய அட்டை புடிச்சுக்கிட்டு அஞ்சு பேரு, கை தட்டுறாங்க, ஒருத்தங்க என்னைக் கட்டிப் புடிச்சு அழுறாங்க. எனக்கு உடம்பு கூசுச்சு. எட்டு மாசம் வளத்தவங்க அங்க இருக்காங்க, பேப்பர் போட்டவங்க அங்க இருக்காங்க, பத்து வருஷம் வளக்கப் போறவங்க இங்க நிக்கிறாங்க, நடுவுல பத்து மணி நேரம் உக்காந்து படம் பாத்துட்டு வந்தவளுக்குக் கைதட்டல். அதச் சொன்னா அடக்கம்னு நெனச்சு இன்னும் ஜாஸ்தியா தட்டுவாங்க போல, பேசாம இருந்துட்டேன். போரியோட க்ரேட்டை யாரும் தெறக்கல, அப்படியே வேன்ல ஏத்தி, வேன் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் ஜிப் டை வெட்டினாங்க, மறுபடியும் ரெண்டு கயிறு. நல்ல ஆளுங்கன்னு அப்பதான் நிம்மதி ஆச்சு. டூபுவ வாங்கினவங்க ஒரு வயசான தம்பதி. அவளுக்குக் குரல் இல்லேன்னு தெரியும்ல, அப்படின்னு கேட்டேன். தெரியும், எங்களுக்கும் காது பாதிதான் கேக்கும்னாரு அந்தத் தாத்தா.

இவர் கார் எடுத்துட்டு வந்திருந்தாரு. வீட்டுக்குப் போற வழில பாதில, "உன் பொட்டி எங்க?"ன்னாரு.

பொட்டி வரவே இல்ல. நான் கவனிக்கவே இல்ல. ரெண்டு நாயும் ஒரு கீறல் இல்லாம வந்துடுச்சு, ஏர்லைன் நம்ம துணிப் பொட்டிய இன்சியோன்லயே விட்டுட்டு வந்துடுச்சு. துணி போனா போகுது, அதுல போர்வை இருக்கு.

நாள் 6, திங்கள், டக்கோமா

மத்தியானம் பொட்டி வாசல்ல வந்து எறங்குச்சு. தெறந்து போர்வைய மட்டும் எடுத்துட்டு டக்கோமாவுக்கு ஓட்டினேன், போரி அங்கதான் இருக்கான், ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கிற பையனும் இருக்கிற வீடு.

வந்ததுல இருந்து க்ரேட்டை விட்டு வரலயாம். கதவு தெறந்தேதான் கெடக்கு. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் தண்ணி குடிக்கிறான், பின்பக்கம் போயிட்டு வர்றான், பாத்தா மறுபடி உள்ள. இது சகஜம்தான், சில நாய் வாரக் கணக்குல அப்படி இருக்கும்னு அவங்களே சொன்னாங்க, அவசரப்படுத்தலன்னாங்க. போர்வைய உள்ள நீட்டினேன். மூக்கை வெச்சான். மூக்கை எடுக்கவே இல்ல, மெதுவா பல்லால கவ்வி உள்ள இழுத்துக்கிட்டு அது மேல படுத்துக்கிட்டான். "ஐயோ, இனிமே சுத்தமா வரமாட்டான்"னு அந்தப் பையன் சொன்னான், எல்லாரும் சிரிச்சோம்.

டீ குடிச்சுட்டு இருக்கிறப்போதான் எனக்கு அது தட்டுச்சு. அந்த சியோல் அம்மா கடைசியா அவன்கிட்ட சொன்னது கிதாரியோ. நாய்க்கு அப்படியெல்லாம் ரெண்டு நாள் ஞாபகம் வெச்சுக்கிட்டு காத்திருக்கத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும், சும்மா ஒரு யோசனை. இருந்தாலும் எழுந்து போய் க்ரேட் முன்னாடி குனிஞ்சு, யானைய நெனச்சுக்கிட்டு, "போரி, கஜா"ன்னேன்.

எழுந்துட்டான். போர்வைய விட்டுட்டு வெளிய வந்தான், உடம்பை ஒரு தடவ உதறினான், என் செருப்பை மோந்து பாத்தான், அந்தம்மாவைத் தாண்டி, சோபாவைத் தாண்டி நேரா வாசக் கதவுகிட்ட போய் நின்னுட்டான். கஜான்னா போலாம் வா. போலாம்னு சொல்லிட்டேன் இல்ல, நிக்கிறான். வால் மெதுவா ஆடுது.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அந்தப் பையன்தான் பேசாம ரெண்டு கயிறையும் எடுத்து மாட்டி, ஒண்ணை என் கையில குடுத்து, கதவைத் தெறந்தான். வெளிய நச நசன்னு தூறல். தெரு முனைல ஒரு மரம் இருந்துச்சு, போரி அதை மூணு சுத்து சுத்தி மோந்துட்டு காலைத் தூக்கினான், ரெண்டு நாளா அடக்கி வெச்சிருந்த மாதிரி ரொம்ப நேரம்.